வள்ளிக்குக் கேட்ட தப்பு

பதுளையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் இன்னோர் அறை கட்டி, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்க்கப்போவதாகக் கடிதம் வந்தது. மடுல்சீமைப் பக்கம் தோட்டப் பள்ளி வாத்தியாரான நான், "இங்கே அப்படி யாருமில்லை" என்று எழுதிவிட்டேன்.

கூப்பிட்டால் திரும்பாத ஒருத்தி இருந்தாள், வள்ளி. திமிர் என்று நினைத்து முட்டி போட வைப்பேன். விடியலில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்கு அழைக்க, வரிசை வீடுகளான லயத்து வாசலில் தப்பு அடித்தால் முதலில் எழுபவள் அவள்தானே!

என் பதிலை நம்பாமல் அந்தப் பள்ளி டீச்சரம்மா நேரிலேயே வந்துவிட்டார். முட்டி போட்டிருந்த வள்ளியின் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. தப்புச் சத்தத்துக்கு எழுவாளே என்று நான் சொன்னதும், தப்பை வரவழைத்து அவள் பின்னால் அடிக்கச் சொன்னார். சட்டென்று திரும்பினாள்.

"பாத்தீங்களா, நல்லா கேக்குதுங்க" என்றேன்.

"எதுலன்னு அவளையே கேப்போம்" என்று டீச்சரம்மா சைகை காட்டினார். வள்ளி காதைத் தொடவில்லை. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, தப்பின் அடியைப் பிசகாமல் தட்டிக் காட்டினாள். நான் அவளைக் கைபிடித்து எழுப்பினேன்.

வள்ளிக்குப் பதுளையில் இடம் கிடைத்தது. திரும்பாத பிள்ளையை இப்போது நான் முட்டி போட வைப்பதில்லை. எதிரே நானே முட்டி போட்டு, முகத்துக்கு நேராகப் பெயர் சொல்கிறேன்.