வான் வண்டியில் காவல் இருக்க மறுத்த நாள்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டிகளை எடுத்து அடுக்குவதுதான் என் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்வரை உள்ளுக்குள்ளேயே நடப்பேன். மாசி மாதம் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் விடுப்பில் இருந்த என்னை ஆவணியில் மேலாளர் கூப்பிட்டார்.

"கதிரையில் இருந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. அது வேண்டுமா, பழைய வேலையா? திங்கட்கிழமை சொல்லுங்கள்" என்றார்.

கதிரை வேலை என்றால் நாள் முழுக்கக் கணினியில் டேனிஷ் எழுத வேண்டும். நான் அதிகம் படித்தவன் அல்ல. டேனிஷ் பேசுவேன், எழுத வராது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ் நடைக்குழு மோல்ஸ் குன்றுகளுக்குப் போக இருந்தது. ஏற்றமும் இறக்கமுமாகப் பன்னிரண்டு கிலோமீற்றர். அதை நடந்து முடித்தால் பழைய வேலை, முடியாவிட்டால் கதிரை என்று எனக்குள் தீர்மானித்தேன். பதினைந்து வயது மகளுக்கு மட்டும் அதைச் சொன்னேன்.

டேனிஷ்காரர் நடக்கப் போனால் ஆளுக்கொரு பாண் பொதி கொண்டுபோவார்கள். எங்களுக்கு அது சரிவராது. ஒரு பெரிய சட்டி நிறையப் புரியாணி வேண்டும், தேத்தண்ணி வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு குன்று ஏற முடியுமா? அதனால் எங்களில் ஒருவர் நடப்பதில்லை. நாங்கள் வந்த வான் வண்டியை நடை முடிகிற மறுமுனைக்கு ஓட்டிப்போய், சாப்பாட்டுக்குக் காவல் இருப்பார். காலோ இடுப்போ சரியில்லாதவருக்குத்தான் அந்தப் பதவி. போன வருடம் நான்தான்.

ரண்டர்ஸில் பஸ் ஓட்டுகிற அண்ணை ஒருவர்தான் எங்கள் தலைவர். வானை நிறுத்திப் பூட்டியதும் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி. புரியாணி பத்திரம்."

"இல்லை அண்ணை, நான் நடக்கப்போறன்."

"உந்தக் காலோடையோ? விழுந்தால் ஆர் தூக்கிறது? எண்பது கிலோ இருப்பாய்."

"தொண்ணூறு" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் நடக்கிறன், அண்ணை."

என் முகத்தைப் பார்த்தவர், "சரி, நட" என்று திறப்பைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். கதைத்துக்கொண்டே எட்டுப் பேரும் நடக்கத் தொடங்கினோம்.

நாலாவது கிலோமீற்றரில், ஒரு குன்றின் உச்சியில் நின்றோம். கீழே கடல் தெரிந்தது. என் மனைவி கேட்டாள்: "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சால் நல்லது. வான் எவ்வளவு தூரத்திலை நிக்குது?"

அண்ணை மெல்லப் பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தார். நான் மறுத்த பிறகு வேறு ஆளைப் போடவே எல்லாரும் மறந்துவிட்டோம். வானும் சட்டியும் புறப்பட்ட இடத்திலேயே நின்றன.

"உன்னாலதான்ரா எல்லாம்! பதவியை விட்டிட்டு வந்தனியெல்லோ."

"திறப்பைப் பொக்கற்றுக்கை போட்டது ஆர், அண்ணை?"

"சரி சரி. எல்லாரும் திரும்புவம்."

திரும்பினால் எட்டுக் கிலோமீற்றரோடு முடிந்துவிடும். மகள் என்னைப் பார்த்தாள்.

"நான் திரும்பேல்லை" என்றேன். "நீங்கள் போய் வானைக் கொண்டு வாங்கோ. நான் நடந்து அங்கை வாறன்."

"விசரோ உங்களுக்கு? வெறும் வயித்தோடை?" என்றாள் மனைவி.

அப்போதுதான் களஞ்சியக் கதையையும் திங்கட்கிழமைக் கதையையும் எல்லாருக்கும் சொன்னேன். அண்ணை தலையைச் சொறிந்தார்.

"இதை முதலே சொன்னால் என்னடா? நான் போறன். ஆனால் நீ நடந்து வந்து சேரேல்லையெண்டால், உனக்குப் புரியாணியிலை ஒரு பருக்கையும் இல்லை."

அவர் தனியே திரும்பிப் போனார். மற்றவர்கள் என்னோடு வந்தார்கள்.

ஏற்றம் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. இறக்கத்தில்தான் முழங்கால் கத்தியால் குத்தியதுபோல நொந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு உடற்பயிற்சி சொல்லித் தந்த பெண் காட்டியபடி பக்கவாட்டில் திரும்பி, நண்டுபோல இறங்கினேன். கடைசிக் குன்றுக்கு முன்னால் மாட்டு வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன்னால் போன மகள் திரும்பி வந்தாள்.

"கொம் நூ, அப்பா" என்று டேனிஷில் கூப்பிட்டாள். பிறகு தமிழில், "வாங்கோ, இன்னும் ஒண்டுதான்."

அவளுடைய சப்பாத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எண்ணி ஏறினேன். மறுபக்கம் இறங்கியபோது வான் நின்றது. அண்ணை முதல் கோப்பைத் தேத்தண்ணியை எனக்குத்தான் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் முழங்கால் வீங்கியிருந்தது. மேலாளரிடம் அதை மறைக்கவில்லை.

"நேற்று பன்னிரண்டு கிலோமீற்றர் குன்றுகளில் நடந்தேன். வீங்கியிருக்கிறது. முதல் மாதம் அரை நாள் வேலை தாருங்கள். பழைய வேலைக்கே வருகிறேன்."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு எந்த நாளில் தொடங்கலாம் என்று கேட்டார்.