அக்காவின் புத்தகங்களும் என் சந்தேகமும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலருக்கு நல்லதாக நான்கு வார்த்தை எழுதித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். நல்லதை எழுத எனக்குச் சிரமமில்லை. ஆனால் ஒரு பனிக்காலம் முழுவதும் நான் அவர்மேல் கொண்டிருந்த சந்தேகத்தை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். உறவுகளும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ராகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். எனக்கு மூன்று வயதானபோது அம்மா காலமானார். அப்பா வேலைக்குப் போனால் என்னைப் பார்க்க ஆளில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்த அக்கா எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டார். வயது வந்ததும் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனார். அந்த உழைப்பில்தான் நான் படித்துத் தமிழ் ஆசிரியரானேன். அவரை வட்டவளைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன கணவர் திரும்பி வரவேயில்லை. உயிரோடு இருக்கிறாரா என்ற தகவலும் இல்லை. முப்பது வயதில், ஒரு துணிப்பையோடு அக்கா எங்களிடமே வந்து சேர்ந்தார்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் பனி விழுந்து கொழுந்து கருகிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களில் அக்கா சமையலை முடித்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் கதைப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான பழுப்புக் காகித அட்டை. யார் அட்டை போட்டது, யார் கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியாது.

முதலில் கவனித்தவர் என் மனைவி. சனிக்கிழமைதோறும் அக்கா ராகலைக்குப் போகிறார், வரும்போது பையில் வேறு புத்தகம் இருக்கிறது, கேட்டால் "தெரிஞ்சவங்க குடுத்தாங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார் என்றார். நானும் அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன்.

அக்கா வேலைக்குப் போன ஒரு நாள் அந்த வாரப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சில சொற்களுக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைத்திருந்தது. அந்தச் சொற்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். வாஞ்சை, கலங்கரை, மீட்சி. கலங்கரை என்றால் கடற்கரை, கடற்கரை என்றால் கொழும்பு என்று என் மனம் போயிற்று. ஓடிப்போன கணவர்தான் இப்படி ரகசியமாகச் சேதி அனுப்புகிறாரோ? இல்லை, வேறு யாராவதா? புத்தகத்தை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அக்கா கேட்கட்டும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் கனமில்லாதவர் கேட்டிருப்பாரே என்று என் சந்தேகம் இன்னும் பலத்தது.

அடுத்த சனிக்கிழமை அவருக்கு முந்திய பஸ்ஸில் ராகலைக்குப் போய், ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். அக்கா வந்து இறங்கி, எதிரே இருந்த முஸ்லிம் முதலாளி ஒருவரின் புடவைக் கடைக்குள் நுழைந்து, உள்படி ஏறி மேலே போனார். அரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. ஆத்திரத்தோடு நானும் படியேறினேன்.

வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது.

"புத்தகத்த எங்கயோ கைமறதியா வச்சிட்டேன் ராத்தா. எப்படியும் தேடிக் குடுத்துருவேன்."

உள்ளே, முதலாளியின் மனைவி கால்களை நீட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பல வருடங்களாக நடக்க முடியாதவர். அவரைத்தான் ஊரே ராத்தா, அதாவது அக்கா, என்று அழைக்கும். சுவரோரம் முழுக்கப் பழுப்பு அட்டைப் புத்தகங்கள். அக்கா கீழே பாயில், மடியில் கொப்பியோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. ராத்தா மட்டும் சிரித்துக்கொண்டே, "இவர்தானா ஒங்கட தம்பி?" என்று கேட்டு எனக்கு நாற்காலி காட்டினார். புத்தகம் என் அலுமாரியில் இருக்கிறது, அந்தப் புள்ளிகள் எதற்கு என்று நான் உளறினேன். ராத்தாதான் விளக்கினார். பொருள் தெரியாத சொற்களுக்கு அக்கா வைத்த அடையாளம் அவை. கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருள் எழுதியிருந்தது. எழுத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

திரும்பும்போது பஸ் நிற்கும் இடத்தில் அக்காவிடம், வீட்டில் தமிழ் வாத்தியார் இருக்கும்போது இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒருநாள் ஒன்கிட்டதான் கேட்டேன் தம்பி. இதுகூடத் தெரியாதான்னு சிரிச்ச."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. பஸ் வருகிறதா என்று பார்த்தபடி அவரே தொடர்ந்தார்.

"சந்தேகம்னா என்கிட்ட கேட்டிருக்கலாம். என்னைய விட்டுட்டு நீ புத்தகத்தக் கேட்டிருக்க."

அன்றே புத்தகத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். நான் எதையாவது கிழித்திருப்பேனோ என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு தம் இரும்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினார். என்னோடு பேசினார், சிரித்தார், என் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் நான் இருக்கும்போது திறந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே பதினைந்து வருடம் போய்விட்டது.

கடைசிப் பனிக்காலத்தில் நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் அவரைப் படுக்கையில் தள்ளின. கண்ணும் மங்கிவிட்டது. ஒரு காலையில் பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்து, மேலே இருக்கும் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். தினமும் பகலில் வாசித்தேன். ஒரு நாள், கதையில் வரும் மூத்தவள் நோயில் இறக்கும் இடம் வந்தது. நான் ஆறு பக்கங்களைச் சத்தமில்லாமல் தாண்டினேன்.

"எதயோ விட்டுட்ட தம்பி" என்றார்.

இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றேன்.

"பொய் சொல்ற. அவ செத்துட்டாளா?"

தாண்டிய பக்கத்துக்குத் திருப்பினேன்.

"பயப்படாம வாசி. எனக்குத் தெரியணும்."

வாசித்தேன். என் குரல் உடைந்த இடங்களில் அவர் பொறுமையாகக் காத்திருந்தார். புத்தகம் முடிய நாற்பது பக்கம் இருக்கும்போது அக்கா கண் மூடினார்.

நோய் முற்றியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவரை நாற்காலியில் வைத்து மெயின் ரோடு வரை தூக்கி வந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், சாவு வீட்டுக்குத் தன்னால் வர முடியாமல் மகனை அனுப்பிவைத்த ராத்தாவுக்கும், மழையிலும் உடன் நின்ற தோட்டத்து மக்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா, கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதி நாற்பது பக்கத்தையும் சத்தமாக வாசித்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு வரிகூட விடவில்லை.