எல்லாரும் "எப்போதும்" போட்ட நாள்

பிள்ளைங்களா, உங்க பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய டேப்லெட் ஏன் வரவில்லை என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன். தப்பில் பெரும்பங்கு என்னுடையது.

அன்றைக்கு விடியலில் ஏரியில் இறங்கி ஒன்பது மணிக்குத்தான் கரையேறினேன். குளித்துவிட்டுப் படுக்கலாம் என்று பாயை விரிக்கும்போது பெரிய டீச்சர் போன் செய்தார். "பள்ளி மேலாண்மைக் குழுவுல நீங்க இருக்கீங்க இல்ல, கொஞ்சம் வந்துட்டுப் போங்க." போனேன்.

சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். திரை, டேப்லெட் எல்லாம் வைத்த வகுப்பு பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றுகிறது என்று அளக்க வந்தவர்கள். இதே கேள்விகளை வேறு இரண்டு நாட்டுப் பிள்ளைகளிடமும் கேட்கிறார்களாம். எந்தப் பள்ளியில் குறை தெரிகிறதோ, அங்கே இருபது டேப்லெட் கொடுப்பதாகப் பேச்சு. அது அப்போது எனக்குத் தெரியாது. பெரிய டீச்சருக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தது போல் ஆகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

நம்மிடம் இருந்தது நான்கு. எட்டாம் வகுப்பில் முப்பத்தாறு பேர்.

அந்த வகுப்பில் கேள்வித்தாள் கொடுக்கும்போது என்னையும் கூட நிற்கச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி: "எனக்குத் தேவைப்படும்போது டேப்லெட் கிடைக்கிறது." எதிரே ஐந்து கட்டம், "ஒருபோதும் இல்லை" தொடங்கி "எப்போதும்" வரை. பெரியவளே, நீதான் முதலில் எழுந்தாய்.

"நைனா, தேவைப்படும்போதுன்னா இன்னா? ஆசைப்படும்போதா, பாடு வரும்போதா?"

இறால் வலை கட்டும் நல்ல இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் இறங்க முடியாது. இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று ஊரில் வைத்திருக்கும் முறைக்குத்தான் பாடு என்று பேர். தன் பாடு இல்லாத நாளில் அந்த இடத்தைக் கேட்பதே நம்மிடம் அசிங்கம். டேப்லெட்டுக்கும் நீங்களே பாடு வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்பது நாளைக்கு ஒருமுறை ஒருத்தருக்கு வரும்.

"ஏரியில நமக்கு எப்ப தேவை? பாடு வர்ற அன்னிக்குத்தான? அப்ப கெடைக்குதா இல்லியா?" என்றேன்.

"கெடைக்குது மாமா! ஒரு நாளும் தவறுனதில்ல!" என்று வகுப்பே கத்தியது.

"அப்ப அதையே போடுங்க."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மாமா, கொட்டாவி வுட்டுனே சொல்றீங்களே, சரியாத்தான் சொல்றீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நின்றபடியே கண் சொருகியது. முப்பத்தாறு பேரும் "எப்போதும்" போட்டார்கள்.

மழை முடிந்து கடிதம் வந்தது. அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் "சில நேரம்"தான் போட்டிருக்கிறார்கள். சார்ஜ் நிற்பதில்லையாம், நெட் மெதுவாம். அந்தக் கேள்வியில் நம் பள்ளிதான் முதலிடம். குறையே இல்லை. இருபதும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

"போயும் போயும் ஏரியத் தூக்கினு போய் வகுப்புல வச்சுட்டு வந்துகிறியே. தூங்கறவனுக்கு எதுக்கு வாத்தியார் வேல?" என்றாள் உங்க அம்மா.

கல்லூரிக்குப் போன் போட்டு, பாடு கதையைச் சொன்னேன். வந்தவர்களில் ஒருவரான அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "எல்லா ஊருக்கும் கேள்வி ஒண்ணுதான் சார். குடுத்த பதில மாத்த முடியாது. அடுத்த தடவ வரும்போது பார்க்கலாம்." எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அன்று சாயங்காலம், பெரியவளே, நீ பக்கத்தில் வந்து நின்றாய். "நைனா, நான் பொய் எழுதிட்டேனா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் எழுதின. எத்தினி நாளைக்கு ஒருதபான்னு அவங்க கேக்கல. சொல்லணும்னு எனக்குத் தோணல."

நீ தலையாட்டினாய். ஆனால் முகம் தெளியவில்லை. அவர்கள் திரும்பி வருவதற்குள் நீ ஒன்பதாவது படிக்கப் பழவேற்காட்டுக்குப் போய்விடுவாய். உனக்கு அது கிடைக்காது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

சின்னவனே, நீ எட்டாவதில் இருக்கும்போது அந்தத் தாள் வந்தால், ஒன்பது நாள் காத்திருப்பது உனக்கு எப்படி இருக்கிறதோ அதைப் போடு. அர்த்தம் என்னவென்று என்னைக் கேட்காதே. நானே வந்து நின்றாலும், வீட்டுக்குப் போய்ப் படு என்று அனுப்பிவிடு.