பின்னுக்குப் போகாத மணிக்கூடு

எங்கள் குடும்பத்தில் எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர். ஒரு சங்கதி காதில் விழுந்தால் போதும், அடுத்த நிமிடமே ஒலிபரப்பு ஆரம்பித்துவிடும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் இறால் கறி, எந்தச் சித்தி யாரோடு கதைப்பதில்லை, எல்லாம் என் வாயில் இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல் சுமந்துகொண்டு திரிந்தேன். பத்து வயதில் ஒரு கைமணிக்கூட்டைப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மட்டக்களப்பு நகரில், வாவிக் கரையோரத்து மைதானத்தில் வர்த்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். ஆரையம்பதியிலிருந்து எங்கள் மாதர் சங்கத்துக்கும் ஒரு கடை கிடைத்தது. அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் கூனிச் சம்பலும் இடியப்ப மாவும் வைத்து விற்றார்கள். கடைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது ‘விதவை’ என்று ஒரு கட்டமும் ‘கணவருடன் வாழ்பவர்’ என்று ஒரு கட்டமும் இருந்தன. அம்மா இரண்டிலும் கோடு போடவில்லை. ‘வேறு’ என்று கடைசியில் இருந்த கட்டத்தில் போட்டார். அந்தக் கட்டத்துக்குள்தான் நாங்கள் எட்டு வருடமாகக் குடியிருந்தோம்.

எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒருவருக்கு வலை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அப்பா செங்கலடிக்கு பஸ் ஏறினார். சந்தியில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கோயில்களில் வைக்காத நேர்த்தி இல்லை. அப்பாவின் அக்கா, என் மாமி, அமிர்தகழியில் இருந்தார். அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஆடி அமாவாசைக்கு ஊரெல்லாம் மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் இறங்கி, செத்துப்போன தகப்பன்மாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, மாமி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். “நம்மட வீட்டில அந்தக் குளத்துக்கு இறங்க ஒருத்தருக்கும் தேவ வரல்ல” என்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார்.

கண்காட்சி நடந்த நாட்களில் அம்மாவும் நானும் மாமி வீட்டில் தங்கினோம். நகரத்துக்கு அதுதான் கிட்ட.

எங்கள் கடைக்கு எதிரே கொழும்பிலிருந்து வந்த ஒரு மணிக்கூட்டுக் கடை. அவர்கள் விற்றது என்னவோ சாதாரண மணிக்கூடுகள்தான். ஆட்களை இழுப்பதற்காக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டு மணிக்கூடு ஒன்றைத் தனியே வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தோணிகள் எல்லாவற்றையும் விற்றாலும் அதன் வாரைக்கூட வாங்க முடியாது என்று பக்கத்துக் கடை அக்கா சொன்னார். பின்னேரமானால் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். மத்தியான வெயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் போய் நின்றேன். அங்கிருந்த இளைஞருக்கும் பொழுது போகவில்லை போலும். வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு, மணிக்கூட்டை வெளியே எடுத்து, என் கண்ணுக்கு நேரே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தார்.

அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முதுகுப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே குறுணல் அரிசியை விடச் சின்னத் திருகாணிகள், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு பற்சில்லுகள். முன்பக்கத்தில் கிழமைக்கு ஒரு சிறு வட்டம், திகதிக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. கீழே பொட்டு அளவுக்கு நீல வானம். அதில் தங்க நிலா பாதி வெளியே வந்தும் பாதி ஒளிந்தும் நின்றது.

அவர் சிங்களவர். தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினார். “நூறு வருஷம் கை வைக்க தேவையில்ல தங்கச்சி. மாசி மாசம் இருபத்தெட்டா, இருபத்தொம்பதா, இதுக்கே தெரியும். அமாவாச, பௌர்ணமிப் போயா எல்லாம் காட்டும். இந்தச் சில்லு நாலு வருஷத்துக்கு ஒரு தரம்தான் சுத்தும்.”

அந்தச் சில்லு என் கண் முன்னால் கொஞ்சமாவது அசையும் என்று நம்பி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், அம்மா எனக்குப் பின்னால் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் சில்லைப் பார்க்கவில்லை. நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதப் பின்னுக்குத் திருப்பேலுமா?” என்று கேட்டார். பிறகு ஒரு திகதியை, மாதத்தை, வருடத்தைச் சொன்னார். “அண்டைக்கு நிலா எப்பிடி இரிந்த எண்டு பாக்கோணும்.”

இளைஞர் பதறிவிட்டார். “ஐயோ அக்கா, இது பின்னுக்கு போகாது. முன்னுக்கு மட்டும்தான். பின்னுக்கு சுத்தினா உடஞ்சிரும். வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும்.”

அம்மாவின் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, மணிக்கூட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தன் போனை எடுத்துத் தேடினார். “போயாவுக்கு மூணு நாள் முந்தி, அக்கா” என்றார். அம்மா விரல்களை மடக்கி எண்ணி, “துவாதசி” என்று தனக்குள் சொன்னார். கடை விளம்பரத் துண்டு ஒன்றின் பின்புறத்தில் என்னை எழுதச் சொன்னார். நான் என் அழகான கையெழுத்தில் ‘வளர்பிறைத் துவாதசி’ என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அன்று முழுக்க அவர் கலகலவென்று வியாபாரம் செய்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாங்க வந்தவர்களோடு சிரித்துப் பேசினார். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதிது.

பொழுது பட மாமி வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். மாமி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ரேடியோ சும்மா இருக்குமா? கையுறை, பூதக்கண்ணாடி, நாலு வருடச் சில்லு என்று ஒன்றும் விடாமல் ஒலிபரப்பினேன்.

“ஆனா அது பின்னுக்குப் போகாதாம் மாமி. அம்மா கேட்டவ. மறுகா அவர் போன்ல பாத்துச் சொன்னவர். அப்பா போன அண்டைக்குத் துவாதசியாம். நான்தான் எழுதிக் குடுத்த.”

மாமியின் கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது.

ஈரத் தலையோடு வந்த அம்மாவை மாமி வாசலிலேயே மறித்தார். “என்ட தம்பிக்குத் திதி குடுக்க நாள் பாத்திட்டு வாறியாகா?”

அம்மா பொய் சொல்லவில்லை. “எட்டு வருசம், மச்சாள். எனக்கு ஏலா. ஒரு நாள் அழுது முடிக்கோணும்.”

“நாளைக்கு அவன் வந்து கதவத் தட்டினா என்ன சொல்லுவாய்? உன்னச் சாகக் குடுத்திட்டன் எண்டு சொல்லுவியா?”

மாமி அம்மாவின் கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அடுப்பில் போட்டார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சாமி விளக்குக்கு முன்னால் நிறுத்தி, அவர் வருவார் என்று சொல்லு என்றார். அம்மா சொன்னார். மூன்று தரம் சொல்ல வைத்தார். மாமியைக் கல் நெஞ்சுக்காரி என்று சொல்ல என்னால் முடியாது. சொல்லச் சொல்ல அவரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எங்கள் பக்கத்தில், காணாமல் போனவர் இனி இல்லை என்று ஒரு வீடு முடிவெடுத்தால், வீட்டை விட்டுப் போன நாளின் திதியையே இறந்த திதியாக எடுப்பவர்கள் உண்டு. அதைக் கோயில் ஐயரிடம் கேட்டிருந்தால், பஞ்சாங்கத்தை அவர் மூடுமுன்னே சங்கதி மாமியின் காதுக்கு வந்திருக்கும். அதனால்தான் அம்மா ஊர் தெரியாத, பெயர் தெரியாத ஒருவரிடம் கேட்டார். எல்லோருக்கும் ஒளித்தவர், என்னை மட்டும் நம்பி எழுதச் சொன்னார். இதையெல்லாம் நான் கூட்டிப் பார்த்து விளங்கிக்கொண்டபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

விளக்குக்கு முன்னால் கொடுத்த வாக்கை அம்மா மீறவில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தானே தின்றார். போன வருடம் பொட்டோடும் தாலியோடும் செத்துப்போனார். கூறைச் சேலை உடுத்தி, சுமங்கலியாகத்தான் அனுப்பினோம். எழும்ப மாட்டாத மாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவர்தான் அம்மாவின் நெற்றியில் பொட்டு வைத்தார். இன்று அந்தத் திகதியைப் போனில் தட்டினால் நிலா ஒரு நொடியில் வரும். நான் தட்டிப் பார்த்ததில்லை. அழுது முடிக்கக் கேட்டவரே போய்விட்டார். இனி அது யாருக்கு?

மணிக்கூட்டைப் பார்த்த அன்று இரவு, மாமி அழுது ஓய்ந்த பிறகு, அம்மா ஈரத் தலையைத் துவட்டாமல் கிணற்றுக் கட்டில் இருந்தார். இவ்வளவு சத்தமும் எதற்கென்று எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. அவ்வளவு விலையான சாமானைத் திருப்பச் சொல்லிக் கேட்டது பிழை. அதற்குத்தான் மாமி ஏசுகிறார். அம்மாவைத் தேற்ற வேண்டும் என்று போய், அவர் மடியில் கை வைத்தேன்.

“கவலப்படாதீங்க அம்மா. மணிக்கூடு உடையல்லத்தானே” என்றேன்.

அம்மா என் தலையைத் தடவி, “ஓம் மகள், உடையல்ல” என்றார்.