என்னைச் ‘சீ’ என்று கூப்பிடுங்கள்

பிசாம் என்பது முயல் பருமனில் ஒரு நீர் எலி. சுவிஸில், பேர்ண் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் கரைகளைக் குடைந்து குடைந்து, ஒருநாள் கரையை அப்படியே மரக்கறித் தோட்டத்தோடு சேர்த்து இடித்துவிடும். அதற்குப் பொறி வைப்பார்கள். பொறியின் சங்கிலியைச் சேற்றில் அறைந்த ஒரு முளையில் கட்டாவிட்டால், பிசாம் பொறியையும் இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். எண்பதுகளில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் வெட்டியது அந்த முளைகளைத்தான்.

அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது. இதுவும் போனால் திரும்பவும் சுவர்தான். மணிக்கட்டுப் பருமனில் தடிகளை நெஞ்சு உயரத்துக்கு அறுப்போம். ஒரு நுனியைக் கோடரியால் மூன்று பக்கமும் சீவிக் கூராக்குவோம். மற்ற நுனிக்குக் கொஞ்சம் கீழே, சங்கிலி வழுக்காதபடி சுற்றிவர ஒரு வெட்டு. செய்தவர்கள் மூன்று பேர்: ஷெஃப் (அங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள்), நரைத்த தலையோடு ஓர் இத்தாலியர், நான்.

ஷெஃப் என்னை ‘டூ’ என்பார். முகாமுக்கு டொச், அதாவது ஜெர்மன், படிப்பிக்க வந்த ஓர் அம்மா முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்: பிள்ளைகளுக்கும் நாய்க்கும் கடவுளுக்கும் ‘டூ’, தெரியாத பெரிய ஆட்களுக்குச் ‘சீ’. நான் பிள்ளையுமில்லை, நாயுமில்லை, கடவுள் என்று ஒருவரும் இதுவரை சொன்னதுமில்லை. ஊரில் முன்பின் தெரியாத ஒருவன் என்னை ‘நீ’ என்றிருந்தால் அந்த இடத்திலேயே சண்டை. விமானம் ஏறியதும் என் வயது குறைந்துவிட்டதா?

இத்தாலியரும் நானும் ஆளுக்காள் டூ போட்டுத்தான் பேசுவோம். அதில் எனக்குக் குறையில்லை. ஷெஃப் தன்னை மட்டும் சீ என்று கூப்பிட வைத்துக்கொண்டு என்னை டூ என்றதுதான் சுட்டது.

அறையில் இதைச் சொன்னேன். ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஊரிலை ஒருத்தன் சீ எண்டு சொன்னா அடிக்கப் போவம். இவர் வெளிநாட்டிலை வந்து, என்னைச் சீ எண்டு சொல்லு எண்டு கேட்டு வாங்கப் போறாராம்!” பிறகு குரலை இறக்கினார். “விசர் வேலை பாக்காதை. வேலை தாறான். வாயைப் பொத்திக்கொண்டு இரு.”

வாயைப் பொத்திக்கொண்டிருக்க நான் ஊரிலேயே இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் ஷெஃப்பைப் பார்த்து, “டூ, அந்த அரத்தைத் தா” என்றேன். அவருக்குக் காது வரை சிவந்தது. தனக்குச் சீ சொல்ல வேண்டும் என்று, எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார். நான் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப எனக்கும் சீ” என்றேன். இத்தாலியர் சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பாதி கோபம், பாதி பயம். ஷெஃப் என்னைப் போகச் சொல்லவில்லை. அரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு மொட்டையாகப் பேசத் தொடங்கினார். நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாதபோது நாங்களும் செய்கிற வேலைதான். “இன்னும் முளை.” “கூர் போதாது.” டூவும் இல்லை, சீயும் இல்லை. நானும் விடவில்லை. “கோடரி மொட்டை” என்று மொட்டையாகவே பதில் சொன்னேன். வாரக்கணக்கில் இப்படியே போனது.

பிறகு ஒருநாள் வாய்க்காலுக்குள் நீண்ட ரப்பர் சப்பாத்தோடு நின்றபடி நிமிர்ந்து, இன்னும் முளை இருக்கிறதா என்று தன் ஊர்ப் பேச்சில் கேட்டார். அதற்குள் ஒரு ‘டீர்’ கேட்டது. நான் படித்த டொச்சில் டீர் என்றால் ‘உனக்கு’. டூவின் கூடப்பிறந்தது. வாசலால் வர முடியாமல் பின்பக்கக் கோடியால் வருகிறார் என்று எனக்கு இரத்தம் கொதித்தது. தோளில் இருந்த முளைக்கட்டைத் தொப்பென்று சேற்றில் போட்டேன். “டூவும் வேண்டாம், டீரும் வேண்டாம். சீ!” என்று கத்தினேன். ஷெஃப் ஒன்றும் விளங்காமல் விழித்துவிட்டு அப்பால் நடந்தார்.

இத்தாலியர் வந்து முளைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“மடையா, பேர்ண்காரரின்ரை மரியாதைச் சொல்லே டீர்தான். தன்ரை டொக்டரோடையும் அவன் அப்பிடித்தான் கதைப்பான்.”

வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கேட்டதை வாங்கிவிட்டேன் என்ற புளுகத்தில் சிரிப்புத்தான் வந்தது. அப்போது அவர் குனிந்தபடியே சொன்னார்.

“நான் இவனோடை வேலைக்குச் சேரேக்கை எனக்குத் தலைமயிர் கறுப்பு. இண்டுவரைக்கும் அவன்ரை வாயாலை எனக்கு அந்தச் சொல் வரேல்லை.”

“ஏன், ஒருநாளும் கேக்கேல்லையோ?”

“நீ கேட்ட அண்டைக்கு நான் சிரிச்சனான்” என்றார்.

மறுநாள் காலை நான் முளைகளை வண்டியில் ஏற்றும்போது ஷெஃப் இத்தாலியரை வழமைபோல, “டூ, வா இங்கை” என்று கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை, சீவிக்கொண்டேயிருந்தார். ஷெஃப் மறுபடியும் கூப்பிட்டார். சீவுகிற சத்தம்தான் வந்தது. ஓய்வுக்குக் கிட்ட வந்துவிட்ட மனிதர், இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஷெஃப் என் பக்கம் திரும்பினார். அவனைக் கூப்பிட்டுவிடச் சொல்லி என்னிடம் கேட்டார், வலு மரியாதையாக, டீர் போட்டு.

“அவருக்குக் காது நல்லாக் கேக்கும். நீங்களே கூப்பிடுங்கோ” என்றேன்.

ஷெஃப் சேற்றுக்குள்ளால் நடந்துபோய் அவருக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் டீர் என்று சொன்னார். இத்தாலியர் கையில் இருந்த முளையை மூன்று பக்கமும் ஆற அமரச் சீவி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.