அருவருப்பு என்று வாசித்தேன்

சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் படித்தபோது, ஒரு பழைய நாவலைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசித்தேன். அந்த நாவலில் ஒரு பெண் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கருவாடு காயப்போடுவாள். மீனின் வயிற்றை அழுத்திவிட்டு விரலை மோந்து பார்ப்பாள்.

என் அம்மாவும் கடலூர் துறைமுகத்தில் கருவாடு போடுகிறவர்தான். சரியாகக் காய்ந்துவிட்டதா, இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்று அப்படித்தான் பார்ப்பார். எழுதியவருக்கு அந்த வாசம் பிடித்திருந்தது என்பது படிக்கும்போதே எனக்குப் புரிந்தது. வரிக்கு வரி பிரியம். பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் நான் யார் வீட்டுப் பெண் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்று முதல் வாரமே அளந்துவிட்டிருந்தேன். கருவாட்டைப் பற்றி விவரமாகப் பேசினால் குட்டு உடைந்துவிடுமே! பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸில் இருந்ததை அப்படியே வாசித்தேன். "இந்த நாற்றம் வறுமையின் குறியீடு. ஆசிரியரின் தொனி அருவருப்பு."

குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். "இல்ல மேடம், அவுங்க மோந்து பாக்குறது காஞ்சிடுச்சான்னு தெரிஞ்சுக்கத்தான். எங்க அத்த அப்படித்தான் பாக்கும். இதுல என்னா அருவருப்பு?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீ கடலூர்தானே, நீ சொல்லும்மா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம்" என்று மூக்கைப் பொத்திக் காட்டினேன். சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. அந்தப் பெண் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள். என்னைப் போல ஒரு கேடுகெட்ட ஜென்மம் உண்டா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் நான் துறைமுகத்துக்குப் போனபோது அம்மா காய்ந்ததை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். "என்னா பாப்பா, கிளாஸ்ல கட்டுரைய நல்லா படிச்சியா? கத எதப் பத்தி?"

"ஒரு அம்மா கருவாடு போடுறாங்க. அதப் பத்தி."

அம்மாவின் கை நின்றது. "இதயெல்லாமா புக்குல எழுதியிருக்காங்க? அப்ப எங்க அம்மாவும் இதான் செய்யிதுன்னு சொல்லியிருப்ப?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"சொன்னேம்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் மீன் வாரிக்கொண்டிருந்த சித்தியைக் கூப்பிட்டார்.

"ஏய், கேட்டியா! காலேஜ்ல எல்லார் முன்னாடியும் நம்மளப் பத்திப் பேசியிருக்கா எம் பொண்ணு!"