வீட்டிலிருந்து ஒருவர்

நேற்று மாலை அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஷார்ஜாவிலிருந்து மகள் நஸ்ரின் கூப்பிட்டாள். எடுத்ததும் ஸலாம் சொன்னாள். பிறகு, "உம்மா, மங்கை டீச்சர் மௌத்தாயிட்டாங்களாம்" என்றாள். கோயம்புத்தூரில், அண்ணன் வீட்டில். தகனம் முந்தின நாளே முடிந்துவிட்டதாம். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட செய்தி, கடல் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பிக் காரைக்காலுக்கு எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அண்ணன் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. டீச்சருக்கு நான் யார் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். போலகத்து விவசாயக் குடும்பம். தாய் தகப்பன் காலமான பிறகு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தார்கள். பெண்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

டீச்சர் வகுப்பில் பரீட்சையில் தவறினால் அதோடு முடிந்தது என்பது கிடையாது. மறுபடி எழுதலாம், கடைசியாக எடுத்த மதிப்பெண்தான் நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வர வேண்டும். தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளை அந்த வீட்டு ஆளுக்கு விளக்க வேண்டும். அவர் தன் வாயால் 'புரிந்தது' என்று சொன்ன பிறகுதான் புது வினாத்தாள். வருகிறவர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. படிக்காதவராக இருந்தால் டீச்சருக்கு இன்னும் சந்தோஷம்.

ஊரில் முணுமுணுத்தார்கள். ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில், மீதிப்பேர் கடையில். ஆகவே உம்மாமார்கள்தான் போக வேண்டியிருந்தது. "பரீட்சையில கோட்டை விட்டது அவ, பெஞ்சுல உக்கார்றது நானா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "டீ வாங்கித் தர்றேன், உக்காருங்க" என்றார்கள் டீச்சர்.

நஸ்ரின் ஒன்பதாவதில் தவறியபோது நான் போனேன். எட்டாவதோடு நின்றவள் நான். மற்றதெல்லாம் செய்தித்தாளிலும் கிதாபுகளிலும் நானாகப் படித்துக்கொண்டதுதான். வீட்டுக் கணக்கை இன்றுவரை நான்தான் எழுதுகிறேன். ஒத்துவராததை ஒத்துவந்தது என்று எழுதிப் பழக்கமில்லை. நஸ்ரின் காதோடு காதாக, "உம்மா, சும்மா புரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க, மானம் போவுது" என்றாள். அல்லாஹ்வுக்குப் பயந்தவள் அதை எப்படிச் சொல்வது? புரியவில்லை என்றேன். திரும்பச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. ஓர் அடைப்புக்குறி, அதற்கு முன்னால் கழித்தல் குறி. அடைப்பை எடுக்கும்போது உள்ளேயிருந்த முதல் எண்ணுக்குக் குறியை மாற்றியவள், அடுத்த எண்ணை அப்படியே விட்டிருந்தாள். "அதுக்கு மாத்துனியே, இதுக்கு ஏன் மாத்தலே?" என்று தெரியாமல்தான் கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் தாளைக் குனிந்து பார்த்தாள். பிறகு தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். மறுபடி விளக்கினாள்; புரிந்தது என்றேன். டீச்சர் புதுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்று வகுப்பு வாசலில் பட்டினச்சேரிப் பெண் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். அப்பா படகில், அம்மா மீன் அங்காடியில். சனிக்கிழமை காலையில் யாராலும் வர முடியாது. முந்தின வாரமும் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவளுக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினால் என்ன என்று தலைமை ஆசிரியை கேட்டாராம். நானும் கேட்டேன். எங்கள் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது போல என்னை லாத்தா என்றே கூப்பிடுவார்கள் டீச்சர்; ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்கள்: "தளத்துனா, அவளுக்கு ஆளில்லன்னு நானே முத்திரை குத்துன மாதிரி ஆயிடும் லாத்தா. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் கணக்கும் உடனே புரிந்துவிடவில்லை; புரிந்தபோது சொன்னேன். அன்று முதல் ஆள் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் வீட்டு ஆள். நஸ்ரின் படிப்பு முடிந்து, கல்யாணமாகிக் கணவரோடு போன பிறகும், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளி வீட்டுக்காரி எனக்கு வாரத்தில் ஒரு காலை நிரம்பியிருந்தது. பள்ளி முடிந்து இருவரும் நடந்தே திரும்புவோம். நோன்பு மாதத்தில் டீச்சர் கஞ்சிக்கு வருவார்கள். எனக்கு முன்னால் ஒரு வாய் வைக்க மாட்டார்கள். பாங்கு சொல்லும்வரை கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒருநாள், "எனக்கு மறுதேர்வு வந்தா யாரக் கூட்டிட்டு வர்றதுன்னே தெரியல" என்று விளையாட்டாகச் சொன்னார்கள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். சிரித்தார்கள். இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டார்கள்.

சென்ற வருடம் டீச்சருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அண்ணன் வந்து அழைத்துப்போனார். சனிக்கிழமை மறுதேர்வும் அதோடு நின்றது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. குரல் நூலாக இருந்தது. "லாத்தா, எனக்கு மறுதேர்வு. வீட்டு ஆள் வேணும். உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துட்டேன் டீச்சர்."

கட்டி எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, எந்த மருந்து எதுவரை கேட்டது, எங்கே கைவிட்டது என்று, கரும்பலகையில் எழுதுவது போல ஒவ்வொரு வரியாகச் சொன்னார்கள். இனிமேல் வைத்தியம் இல்லை என்ற இடத்தில் முடித்தார்கள். "புரிஞ்சுதா லாத்தா?"

முதல் தடவையே புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது என்று சொல்லிவிட்டால் அடுத்த தாள் வந்துவிடுமே. "புரியல டீச்சர்" என்றேன். முதலிலிருந்து சொன்னார்கள். மறுபடியும் புரியவில்லை என்றேன். அடுத்த முறை பாதியில் நிறுத்தி, "லாத்தா, பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்க" என்று சிரித்தார்கள். சிரிப்பு இருமலானது. அண்ணியார் போனை வாங்கி வைத்துவிட்டார். அதன்பின் பேச்சில்லை.

இன்றும் சனிக்கிழமை. காலையில் குளித்து உடுத்திவிட்டேன். எங்கே போவதென்று தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் நாற்காலி காலி. விளக்கிச் சொல்ல யாரும் இல்லை.

டீச்சர், வீட்டு ஆள் சொல்லாமல் யாரையும் மேலே அனுப்புவதில்லை என்பது உங்கள் சட்டம். உங்கள் விஷயத்தில் மட்டும் என்னைக் கேட்காமலே நடந்துவிட்டது. சொன்ன பொய்யை ரப்பு மன்னிக்கட்டும். உங்களை அவன் தன் ரஹ்மத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

புரிந்தது டீச்சர். நீங்கள் போகலாம்.